சல்லடையில் ஒட்டியிருந்த பசைத் துண்டு

ஐப்பசி, செவ்வாய் இரவு

குரும்பகரத்தில் நெல் ஏற்றிக்கொண்டு கோட்டுச்சேரி வரும்போது, லாரியின் ஆயில் பிரஷர் முள் இன்றும் கீழே விழுந்தது. உடனே எஞ்சினை அணைத்தேன். கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் செய்தால் முள் ஒழுங்காக நிற்கிறது. சென்சாரை மாற்றியும் இதே கதைதான்.

மெக்கானிக் ரஹீம் பாய் எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றினார். ஆயில் உறிஞ்சும் சல்லடையில் பழைய கேஸ்கெட் பசைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"ஓடுறப்ப இழுத்து அடைச்சுக்குது. நிறுத்துனா விழுந்துடுது. அதான் யாருக்கும் ஆப்புடல," என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். அதற்குள் அவர் தொட்டியில் மிச்சமிருந்த ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். செம்புத் துகள்கள் மின்னின.

"பேரிங் தேஞ்சு போச்சுங்க. கிராங்கும் போயிருக்கலாம். எஞ்சின முழுசா பிரிச்சாதான் தெரியும். பெரிய செலவு ஆகும்."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சுமதி ஓடிவந்தாள். "என்னன்னு தெரிஞ்சுச்சாங்க?"

"தெரிஞ்சுடுச்சு."

"அப்ப நாளைக்கே லோடுக்குப் போயிடலாம்ல?"

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். இந்தப் பழைய லாரியை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. எத்தனையோ நாளைக்குப் பிறகு இன்றுதான் அவள் அசந்து தூங்குகிறாள். எழுப்ப மனம் வரவில்லை. விடிந்தால் எப்படிச் சொல்வேன் என்றும் தெரியவில்லை.