பாத்தியில் ஆள் இல்லாத நேரத்தில் வந்த அப்டேட்

அனுப்புநர்:
ப. காசிலிங்கம்,
உப்பு மொத்த வியாபாரி,
மரக்காணம்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
மாவட்டத் தொழில் மையம்,
விழுப்புரம்.

பொருள்: மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் சிறு நிறுவனங்கள், அப்டேட் அனுப்பும் நாளை முன்கூட்டியே அறிவிக்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 04.05.2025 ஞாயிறு நண்பகலில், நான் குத்தகைக்கு எடுத்துள்ள உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் யாரும் தொடாமலே ஓடியது. மறுநாள் வாரவிருந்த உப்பு முழுவதும் பாத்தியிலேயே கரைந்துபோனது.

2. அந்த மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும் திண்டிவனத்துச் சிறு நிறுவனம் ஒன்று செய்து விற்ற பெட்டி. நான் குறித்த அளவுக்குத் தண்ணீர் ஏறியதும் மோட்டாரைத் தானே நிறுத்திவிடும். நல்ல பொருள், அதை மறுக்கமாட்டேன். அன்று அந்த நிறுவனம், பெட்டிக்குள் இருக்கும் நிரலை மாற்ற, ஃபெர்ம்வேர் அப்டேட் என்ற ஒன்றைச் செல்போன் சிக்னல் வழியாக அனுப்பியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டி அணைந்து மீண்டும் எழுந்தபோது நான் குறித்து வைத்த அளவு அழிந்திருந்தது. மோட்டார் ஓடியது, எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியவில்லை.

3. நிறுவன உரிமையாளர் திரு. சகாயராஜிடம் போனில் கேட்டதற்கு, “அங்க வேலை செய்யிறவங்க எதையாவது அமுக்கியிருப்பாங்க” என்றார். அங்கே வேலை செய்பவர் வேலம்மாள். எவ்வளவு உப்பு வாருகிறாரோ அதற்குத்தான் அவருக்குக் கூலி. மோட்டாரைக் கெடுத்தவர் என்ற பெயர் வந்துவிட்டால், இந்தப் பக்கத்தில் எந்த அளத்துக்காரரும் அவரைச் சேர்க்கமாட்டார். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நான் எங்கங்க அமுக்குனேன்? அந்நேரத்துக்கு வூட்டுல கஞ்சி குடிச்சிக்கினு இருந்தேன். பாத்தியில காக்காகூட நிக்காது. பொட்டி அதுவா ஓட்டிட்டு, பழி மட்டும் எம்மேலயா?”

4. பிறகு சகாயராஜ் தம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அப்டேட்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டார். ஞாயிறு நண்பகல் எல்லோரும் ஓய்வெடுக்கும் நேரம், யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று நினைத்தாராம். எண்ணம் நல்லதுதான். ஆனால் உப்பளத்தில் விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிடுவோம். உச்சி வெயிலில் அங்கே காவல் அந்தப் பெட்டி ஒன்றுதான். அந்தக் காவலைத்தான் அவர் கண்ணயர வைத்தார். முன்கூட்டியே கேட்டிருந்தால், “காலையில அனுப்புங்க, ஆள் நிக்கும்” என்று சொல்லியிருப்பேன்.

5. “சின்ன கம்பெனிங்க, நாங்க ரெண்டே பேரு, தேதி சொல்லிட்டு வேலை முடியலன்னா மாட்டிக்குவோம்” என்பது அவர் வாதம். இதை நான் ஏற்கவில்லை. சைக்கிளில் ஒரு மூட்டை உப்போடு தொழில் தொடங்கியவன் நான். கூனிமேட்டுக்கு இந்த நாள், கீழ்புத்துப்பட்டுக்கு இந்த நாள் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். போக முடியாவிட்டால் பஸ் கண்டக்டர் மூலம் முந்தின நாளே சேதி அனுப்புவேன். நாள் தள்ளிப்போனதற்காக யாரும் என்னை விரட்டியதில்லை. சொல்லாமல் போயிருந்தால் விரட்டியிருப்பார்கள். பெரிய கம்பெனிக்காவது விளம்பரம் இருக்கிறது. சின்னவனுக்குச் சொன்ன நாள்தான் முதலீடு.

6. அந்த நிறுவனத்தை மூடச் சொல்லி இம்மனுவை எழுதவில்லை. இன்னும் பெட்டிகள் வாங்கவே இருக்கிறேன். இதே மாதிரிப் பெட்டிகளை இறால் குட்டைக்காரர்களும் நெல் விவசாயிகளும் வைத்திருக்கிறார்கள். எனக்கு உப்பு போனது, அவர்களுக்கு என்ன போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே, தங்கள் மையத்தின் உதவி பெறும் நிறுவனங்கள் அனைத்தும் கீழ்க்கண்ட விதிகளைக் கடைப்பிடிக்குமாறு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். இது நடக்காத காரியம் அல்ல. நானும் சகாயராஜும் பேசி முடித்து, இருவரும் கையெழுத்திட்டவைதான் இவை.

7. அப்டேட் நாளை ஒரு வாரம் முன்பே தமிழில் சொல்ல வேண்டும். வேலை முடியாவிட்டால் தள்ளிப் போடலாம், முந்திக்கொள்ளக் கூடாது. அவசரக் கோளாறு என்றால் காத்திருக்க வேண்டாம், போன் செய்து மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு அனுப்பலாம். எங்கள் இருவருக்குள் மட்டும் முடிவானவை இவை: எந்த அப்டேட்டையும் முதலில் என் ஒரு பாத்தியில் சோதித்துக்கொள்ள நான் இடம் தருவேன். கரைந்த உப்பின் நட்டம் இருவருக்கும் சரிபாதி. உப்பு கரைந்ததால் வேலம்மாள் இழந்த மறுநாள் கூலி முழுவதும் சகாயராஜின் பொறுப்பு, அதை அவரே நேரில் வந்து கொடுக்க வேண்டும். இனி அறிவிப்பு போக வேண்டிய முதல் போன் வேலம்மாளுடையது. அவர் பாத்திக் கரையில் நின்று “சரிங்க, அனுப்புங்க” என்று சொன்ன பிறகே பெட்டியைத் தொட வேண்டும்.

இடம்: மரக்காணம்
நாள்: 19.05.2025

இப்படிக்கு,
ப. காசிலிங்கம்