லிப்ட் கதவுக்கு அந்தப் பக்கம்

1975 பிப்ரவரி 9, ஞாயிறு

நல்ல வெயில். கடற்கரைக் கல்கோயில் பார்க்க வந்த கூட்டம் கலர் சோடா பாட்டிலை எல்லாம் மத்தியானத்துக்குள் காலி செய்துவிட்டது. சாயந்திரம் என் சோடாக் கடை முன்னால் நம் தெரு கும்பல். பக்கத்து வீட்டுக் குப்பம்மா பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லப்பண்ணே, அந்த ரெண்டாவது மாடிய சொல்லு."

நூறு தடவை கேட்டதுதான். அதனால் என்ன, சொல்கிறவனுக்கே அலுக்கவில்லை. மெட்ராஸ் மவுண்ட் ரோடு, பெர்ரிமன் கம்பெனி. வெள்ளைக்காரன் கட்டி, சேட்டு கைக்கு மாறிய கடை. மூன்று மாடி. குழந்தைக்குத் தொட்டிலில் இருந்து துரைக்குத் தொப்பி வரை ஒரே கூரைக்கு அடியில். அங்கே இருபத்திரண்டு வருஷம் நான் லிப்ட்டுக்காரன். ரெண்டாவது மாடியில் விளக்கு மண்டபம். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரியாது. விளக்குக்குப் பின்னால் விளக்கு, அதற்குப் பின்னால் விளக்கு, நடுவில் துரைசானிகள் நடப்பார்கள்.

என் மச்சான் நீலமேகம், வச்சலாவின் தம்பி, படகுக்காரன், குறுக்கே வந்தான். "நான் பஸ்ஸுல போறப்ப பாத்துகீறேன் மாமா. வெளியிலருந்து பாத்தா கடை அம்மாம் பெரிசா இல்லியே?"

"உன் தலை வெளியிலருந்து பாத்தா எம்மாம் பெரிசா கீது. உள்ளே இன்னா கீது?" என்றேன். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த வச்சலாவே சிரித்துவிட்டாள். சொந்தத் தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 12

சோடா ஏஜெண்டு கொடுத்த டைரி இது. மூணாங்கிளாஸ் படித்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறான். அவனுக்கு நக்கல்.

பிப்ரவரி 20, வியாழன்

கூடுவாஞ்சேரியிலிருந்து மகள் ரத்னா கார்டு போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை ஜானகிராமன் தினம் ரயிலில் மெட்ராஸ் வேலைக்குப் போகிறவர், அவர் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம். பெர்ரிமன் கடையை மூடுகிறார்கள். மார்ச் 15 கடைசி நாள். அதுவரைக்கும் மிச்சச் சரக்கு விற்பனை. பிறகு கட்டடத்தையும் இடித்துவிட்டு ஆபீஸ் கட்டப் போகிறார்களாம்.

வச்சலாவுக்குப் படித்துக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, "எப்பப் போறோம்?" என்றாள்.

"எங்க?"

"கடைக்கு."

கார்டைத் திருப்பி விலாசத்தை இன்னொரு தடவை படித்தேன்.  

பிப்ரவரி 21, வெள்ளி

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும். வச்சலாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

நான் அந்தக் கடையைப் பார்த்ததில்லை.

காலையில் பின்கேட். நிலவறையில் காக்கியைக் கழற்றிப் பித்தளைப் பொத்தான் கோட்டு, வெள்ளைக் கையுறை. பிறகு லிப்ட். கைப்பிடியைப் பிடித்தால் மத்தியானம் வரைக்கும் விடக்கூடாது. சாப்பாடும் நிலவறையில். யூனிபாரம் போட்டவன் மாடித் தரையில் கால் வைக்கக்கூடாது என்பது சட்டம். வைத்த ஒருத்தனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் போனான், சேட்டு வந்தான், சட்டம் அங்கேயே நின்றது. கதவு திறந்தால் எதிரே மூன்று முழம் தெரியும். முதல் மாடியில் ஒரு தொப்பி அலமாரி. மூன்றாவது மாடியில் ஒரு பச்சைத் திரை. கதவை மூடினால் அதுவும் இல்லை. அந்த மூன்று முழத்தை வைத்துத்தான் இத்தனை வருஷமாகக் கடை கட்டியிருக்கிறேன்.

விளக்கு மண்டபம் மட்டும் நிஜம். அது கதவுக்கு நேர் எதிரில். தினம் கண்ணால் பார்த்தது.

எதற்கு அளந்தேன்? கல்யாணம் கட்டின புதுசு. சிந்தாதிரிப்பேட்டையில் ஆறு பேரோடு ஒரு ரூமில் நான் கிடக்க, அவள் இங்கே. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவேன். முதல் தடவை வந்தபோதே, "அங்க இன்னாய்யா கீது?" என்று கேட்டாள். தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? புதுப் பொண்டாட்டி. சொன்னேன், சிரிச்சா. அடுத்த தடவையும் கேட்டா. அப்புறம் தெருவே கேட்டுது.

என்னைக் கூட்டிப் போ என்று அவள் கேட்கும்போதெல்லாம் அடுத்த மாசம் என்பேன்.

பிப்ரவரி 25

பஸ்ஸில் கூட்டம் என்றேன். கால் வலி என்றேன். கடையில் இப்போது ஒன்றும் இருக்காது, வெறும் அலமாரி என்றேன்.

வச்சலா சொன்னாள்: "இருவத்தஞ்சு வருசமா அடுத்த மாசம், அடுத்த மாசம்னே. இப்ப அந்தக் கடைக்கே அடுத்த மாசம் இல்ல. நீ வரலன்னா நான் ரத்னாவ கூட்டிகினு போறேன்."

அவள் மகளோடு போவதைவிட என்னோடு போவது மேல். ஒருத்தி முன்னால் மானம் போனால் போதும்.

மார்ச் 2, ஞாயிறு

தெருவுக்கே தெரிந்துவிட்டது. குப்பம்மா தன் பெட்டியிலிருந்து மாம்பழக் கலர் பட்டுப் புடவையை எடுத்து வச்சலாவுக்குக் கொடுத்திருக்கிறாள். "அந்த மண்டபத்துல நடக்கறப்ப இத கட்டிகினு நடடீ. வந்து சொல்லு."

நீலமேகம் பலகையில் உட்கார்ந்து, "அக்கா போய் வரட்டும். அப்ப கீது மாமாவுக்கு" என்றான்.

"வந்து சொன்னதும் நீ கடல்லயே குதிச்சிடாத" என்றேன். குரல் சரியாகத்தான் இருந்தது. 

மார்ச் 6

இரண்டு சோடா பாட்டில் கை தவறி உடைந்தது. வெயில் அதிகம் என்று சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

நேற்றுப் போய் வந்தோம். எழுத எங்கே தொடங்குவது?

காலை முதல் பஸ். ஜன்னல் ஓரத்தில் வச்சலா. திருப்போரூர் தாண்டியும் புடவை கசங்குமே என்று முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். போன வருஷமே எடுத்துப் போய்விட்டார்கள் என்று சொல்லலாம்.

கடைக்கு முன்னால் வந்ததும் என் கால் தானாகப் பின்கேட் பக்கம் திரும்பியது. வச்சலா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எங்கய்யா போற? வாசல் இங்க கீது." முன்வாசல் கதவின் பித்தளைப் பிடியை அப்போதுதான் முதல் தடவையாகத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

லிப்ட்டில் தர்மராஜ். நான் வேலையை விட்டபோது என் இடத்துக்கு வந்தவன், நான் பழக்கிவிட்டவன். பார்த்ததும் அழுதுவிடுவான் போல இருந்தது. "அண்ணே! அண்ணியா? ஏறுங்கண்ணி." மேலே கொண்டுபோய்த் தரைக்கு நாலு விரல் கீழே நிறுத்தினான். "கைப்பிடிய முன்னாலயே விடணும்டா" என்று அந்த நேரத்திலும் எனக்கு வாய் வந்தது. அவன் சரிசெய்து, கம்பிக் கதவைத் திறந்து, சந்தோஷத்தில் சொன்னான்:

"எறங்குண்ணே. இருவத்திரண்டு வருசம் ஏத்தி எறக்குனே. இன்னிக்கித்தான் உன் கால் இந்தத் தரையில படப்போவுது."

வச்சலா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தர்மராஜின் ஷூவைப் பார்த்தேன்.

இறங்கினோம். தொப்பி அலமாரி இருந்தது, தொப்பி இல்லை. வச்சலா அதன் முன்னால் நின்றாள்.

"இதுக்கு அந்தப் பக்கம் இன்னா?"

"தெரியாது."

"பேசற கிளிய கூண்டுல வெச்சி விப்பாங்கன்னியே?"

"தெரியாது வச்சலா."

"பெரிய துரை ஒருத்தன் தொட்டில்ல படுத்துப் பாத்து வாங்குனான்னியே?"

 அது நன்றாக வந்த கதை.

வச்சலா முந்தானையை இழுத்துச் செருகினாள். "சரி. வா, இன்னா கீதுன்னு பாத்துடலாம்" என்று முன்னால் நடந்தாள். அந்தப் பக்கத்தில் வைக்கோல் அடைத்த பெட்டிகள், மூடி இல்லாத டீ ஜாடிகள், உட்கார்ந்தபடியே தூங்கும் ஒரு குமாஸ்தா. அவள் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள். நான் பின்னாலேயே போனேன், முதலாளியம்மாவுக்குப் பின்னால் போகிற மாதிரி.

ரெண்டாவது மாடி வந்ததும் எனக்கு உயிர் வந்தது. "இது மட்டும் நெசம். நீயே பாரு" என்று கையைப் பிடித்துக்கொண்டு போனேன். எதிரே மண்டபம். விளக்குக்குப் பின்னால் விளக்கு, ஆள் நடமாட்டம், முடிவே இல்லை. பத்தடி போயிருப்போம். எதிரே ஒரு நரைத்த ஆளும் மாம்பழக் கலர் புடவையில் ஒரு பொம்பளையும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள்.

கண்ணாடி. தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே கண்ணாடி, கொஞ்சம் சாய்த்துப் பதித்தது. பக்கத்துச் சுவரில் அதற்கு எதிராக இன்னொன்று. நடுவில் தொங்கிய விளக்குகளை எண்ணினேன். ஏழு.

நான் அப்படியே நின்றுவிட்டேன். வச்சலா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் குப்பம்மா புடவையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "யோவ்... நீ எங்கள ஏமாத்துனேன்னு பாத்தா... இந்தக் கடை உன்ன ஏமாத்திகீதே."

அங்கே நின்ற விற்பனைக்காரர் என்னம்மா வேணும் என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம் சார், எல்லாம் கெடச்சிடுச்சி" என்றாள்.

மூன்றாவது மாடியில் பச்சைத் திரையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். உள்ளே டீ குடிக்கிற கூடமாம். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். கடைசியில் ஒரு பெரிய ஜன்னல். வச்சலா போய் எட்டிப் பார்த்தாள்.

"கடல் தெரியுதுய்யா."

மரங்களுக்கு மேலே ஒரு கோடு. கடல்தான். அவளுக்குத் தெரியாத கடலா? இருபத்திரண்டு வருஷம் அந்த ஜன்னலுக்கு இருபது அடி இந்தப் பக்கம் பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"ரத்னா வயித்துல இருந்தப்ப, சாயந்திரமானா கரைக்குப் போவேன்" என்றாள். "நீ எந்தத் தெசையில கீறேன்னு சரியாத் தெரியாது. வடக்கால பாத்துகினு நிப்பேன். அம்மாம் மண்டபம், அம்மாம் வெளக்கு, அங்க நீ நல்லாத்தான் இருப்பேன்னு நெனச்சிப்பேன்."

 அவள் ஜன்னலை விட்டு வர நேரமானது. நான் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்தாள். இன்னொன்றை எடுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கடை முன்னால் தெரு முழுக்க வந்துவிட்டது. நான் காய்ந்த பாட்டிலையே துடைத்துக்கொண்டிருந்தேன். போகிற மானம் சீக்கிரம் போகட்டும் என்று இருந்தது.

நீலமேகம் நேராகவே கேட்டான். "மாமா பேசவேணாம். அக்கா, நீ சொல்லு. அந்த மண்டபம் கீதா, இல்லியா?"

"கீது" என்றாள் வச்சலா.

"முடிவு தெரியாதாமே?"

"தெரியலடா. வெளக்குக்குப் பின்னால வெளக்கு. நடந்துகினே போறோம், எதுத்தாப்புல ஒரு புருசன் பொண்டாட்டி வர்றாங்க. அந்த ஆளு பாவம், பேய் அறைஞ்ச மாதிரி முழிச்சிகினு வந்தான். அந்தப் பொம்பள அச்சு அசலா நம்ம குப்பம்மா பொடவையே கட்டிகினு இருந்தா."

"என் பொடவையா?" என்றாள் குப்பம்மா. "மெட்ராஸ்லயும் அதே கலரு விக்கிதா? பேசனியா அவகிட்ட?"

"பேசல. சிரிச்சேன். அவளும் சிரிச்சா."

நீலமேகம் தலையைச் சொறிந்துகொண்டு எனக்கு முன்னால் வந்து, "ஒரு கலர் குடு மாமா" என்றான். உடைத்துக் கொடுத்தேன். அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியமில்லை. திரும்பினால் சிரித்திருப்பேன், இல்லை வேறு ஏதாவது செய்திருப்பேன்.

மார்ச் 30

இன்று கதை சொன்னதும் அவளே. நான் வியாபாரத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ரத்னா கார்டு. பேரன் நடக்கிறான். பெர்ரிமன் கடையை இடிக்க ஆரம்பித்துவிட்டார்களாம், மாப்பிள்ளை பார்த்தாராம். வச்சலாவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"எந்தப் பக்கத்துலருந்து இடிக்கிறாங்களாம்?"

முன்பக்கம், முதலில் கூரை, யானையை வைத்து இழுக்கிறார்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியல" என்றேன்.

"கேட்டு எழுதச் சொல்லு."

தபாலாபீஸ் மூடுவதற்குள் போய் ஒரு கார்டு வாங்கி வந்தேன்.