கொவால்சிக் என்றால் கொல்லன் மகன்

மகளின் பிறப்புப் பத்திரத்தைத் தேடி மேசை லாச்சியை இழுத்தபோது உம்முடைய பெயர்த் தகடு கையில் அகப்பட்டது. ஹோட்டல் சீருடையில் நெஞ்சுப் பக்கம் குத்திக்கொள்வோமே, அந்தப் பிளாஸ்டிக் துண்டு. நீர் வருத்தம் வந்து, உடம்பு ஏலாமல் வேலையை விட்ட நாளில் சட்டையோடு கழற்றிப் போட்டதை நான்தான் எடுத்து வைத்தேன். நீர் கண்ணை மூடி இரண்டு வருடமாகிவிட்டது. எழுத்து மட்டும் இன்னும் அழியவில்லை: கொவால்சிக்.

பத்திரம் கல்யாணப் பதிவுக்கு. மாப்பிள்ளைப் பொடியன் பாரிஸுக்குப் பக்கத்துச் செவ்ரானில் இருக்கிறான், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. எங்கள் ஆள்தான், யாழ்ப்பாணம். மகள் முடிவெடுத்துவிட்டாள். அவளுடைய அப்பா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார். ஏனென்று உமக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் உமக்கும் பங்கு உண்டு.

பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம், நாம் அறைகள் துப்புரவாக்கிய அந்த ஹோட்டலில், மேல்மாடித் துணியறையில் இருந்து நாம் மதியம் சாப்பிடுவோம். கட்டிலில் உட்காரக் கூடாது என்று கண்காணிப்பாளருடைய சட்டம். அழுக்கு விரிப்பு மூட்டைகள்தான் நமக்குக் கதிரை. ஒருநாள் உம்முடைய பெயருக்கு என்ன அர்த்தம் என்று நான்தான் கிளறினேன்.

"கொவால் என்றால் கொல்லன். கொவால்சிக் என்றால் கொல்லனுடைய மகன், இல்லாவிட்டால் அவனிடம் வேலை பழகியவன்," என்றீர்.

பிறகு உம்மை நிறுத்த முடியவில்லை. உங்கள் போலந்தில் ஓர் ஊரில் யான் என்ற பெயரில் பத்துப் பேர் இருந்தால் எந்த யான் என்று கேட்க வேண்டுமே. இரும்படிக்கிற யான், மாவரைக்கிற யான். முதலில் அது கூப்பிடுவதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் பாதிரியார் எழுதி வைக்க, பின்னால் அரசாங்கமும் தன் பட்டியலில் ஏற்ற, பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டறையைக் கண்ணால் காணாத பிள்ளைகளும் கொவால்சிக் ஆனார்கள். உம்முடைய அப்பா பஸ் ஓட்டினாராம். "எங்கள் வீட்டில் ஒரு சுத்தியல்கூட இல்லை. ஆணி அடிக்கப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவோம்," என்று சொல்லிச் சிரித்தீர்.

சொல்லிக்கொண்டே வழக்கம்போல உம்முடைய கசகசாக் கேக்கில் ஒரு துண்டை என் பக்கம் நீட்டினீர். நான் மாதக்கணக்காகத் தின்ற கேக். அன்று என் கை நின்றது. ஒரு நொடிதான். கொல்லன் என்ற சொல்லைக் கேட்டதும், எனக்குள் யாரோ உம்மை அளந்து ஒரு படி கீழே இறக்கி வைத்துவிட்டார்கள். போலந்துக்காரியை, பாரிஸில், அழுக்கு மூட்டைமேல் இருந்துகொண்டு! "வயிறு நிறைந்துவிட்டது," என்று பொய் சொன்னேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம், அது எனக்கு வேண்டியிருக்கிறது.

ஆனாலும் கேள்வி உள்ளே குடைந்தது. கொல்லன் பெயர்க்காரருக்கு மற்றவர்கள் பெண் கொடுப்பார்களா என்று கேட்டேவிட்டேன். உமக்கு விளங்கவில்லை. "என் அம்மாவின் குடும்பப் பெயர் க்ரூல். அரசன் என்று அர்த்தம்," என்றீர். "அரசன் வீட்டுப் பெண்ணைக் கொல்லன் மகன் கட்டினான், ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அரசன் பன்றி வளர்த்தான்."

தொழிலை வைத்துச் சாதி பார்க்கும் எங்கள் வழக்கத்தை நான் என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். நீர் திட்டவில்லை. கீழே கிடந்த மூட்டைகளைப் பார்த்தீர். "காலையிலிருந்து எத்தனை பேருடைய விரிப்பை உருவினோம்? உங்கள் ஊரில் நம் பேரப்பிள்ளைகளை என்னவென்று கூப்பிடுவார்கள்?" என்று மட்டும் கேட்டீர். அப்போது மணியாகிவிட்டது, எழும்பிப் போனோம்.

போன கிழமை இவர் ஊருக்கு போன் எடுத்து விசாரித்தார். சம்பந்தம் என்றால் எங்களில் அதுதான் முதல் வேலை. போனை வைத்துவிட்டு, "பொடியன்ர அப்பப்பா உடுப்பு வெளுத்தவராம். சரிவராது," என்றார்.

"நான் இருவது வருசமா என்ன செய்தனான்?"

"அது வேலை. இது வேறை."

"ஓம், வேலைதான். நீங்கள் ரெஸ்ரோறன்ரில கோப்பை கழுவுறதும் வேலைதான். அந்த மனுசனும் வேலைதான் செய்தவர்."

"சனம் என்ன சொல்லும்?"

"சனமே இஞ்ச எங்கட வீட்டு வாடகையைக் கட்டுது?"

மகள் கதவோரம் நின்று "மமோ..." என்று பிரெஞ்சில் என்னைக் கூப்பிட்டு இழுத்தாள். அவளைப் பேசவிடவில்லை. இது அவளுடைய சண்டை இல்லை, நாங்கள் ஊரிலிருந்து காவி வந்தது. நாங்கள்தான் இறக்க வேண்டும். இவர் எதிரில் இருக்கும்போதே பொடியனின் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை வாறம், கல்யாணம் பேச."

அந்த அம்மா மெல்லக் கேட்டார்: "எங்களைப் பற்றி விசாரிச்சனீங்களோ, அக்கா?"

"ஓம். விசாரிச்சிட்டுத்தான் எடுக்கிறன்."

"அப்ப... எங்கட வீட்டில சாப்பிடுவியளோ?"

இவர் தலை குனிந்து இருந்தார். வருவாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது.

"நான் வருவன். பசியோடதான் வருவன்," என்றேன்.