போகவரத் தொண்ணூற்றிரண்டு

நவம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இல்லை, காரில் ஹீட்டர் போடவே இல்லை. போட்டால் திரையில் இருக்கும் தொண்ணூற்றேழு கண்ணெதிரே எண்பதாகிறது. ஒரு பொத்தானுக்குப் பதினேழு கிலோமீட்டர். வேலைக்குப் போகவரத் தொண்ணூற்றிரண்டு வேண்டும். அதனால் இரண்டு ஜோடி காலுறை, மடியில் போர்வை, கழுத்தில் நீங்கள் விட்டுப்போன பச்சை மஃப்ளர். மூச்சு முன்கண்ணாடியில் படிகிறது. ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினால்தான் சாலை தெரிகிறது. சார்ஜ் போய்விடுமே என்று ஹீட்டரை அணைத்தவள், கடைசியில் குளிரை நானே உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிறேன்.

குறை சொல்லவில்லை. பத்து வயது எலெக்ட்ரிக் கார். பேட்டரிக்கும் மூட்டுவலி வருமாக்கும்.

அண்ணனை விட்டுப் போன அன்று சாவியை அவனிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தீர்கள். "இது உனக்கு. வேலைக்குப் போ" என்றீர்கள். போகிறேன். ஏழு மணிக்கு லேப் சோதனைக்காகக் குடிநீர்த் தொட்டியிலிருந்து முதல் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும். முதல் பஸ் எட்டுக்குத்தான் அந்தப் பக்கம் வருகிறது. ஆக, நானும் காரும்தான்.

உங்கள் கடிதத்தில் காரைப் பற்றிப் பதினொரு வரி. உங்களைப் பற்றி ஒன்று. எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதற்கு அதுவும் இல்லை. நீங்கள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்கே எழுதுகிறேன்.

வாண்டு


நவம்பர் 17

வாண்டுக்கு,

லென்ஸ் தேய்க்கும் மிஷின் பக்கத்தில் நின்று படித்தேன். சிரித்துவிட்டேன். கடை முதலாளி, "என்னம்மா, லென்ஸுக்குள்ள ஜோக் தெரியுதா?" என்றார்.

கேள். கார் பிளக்கில் இருக்கும்போதே பத்து நிமிடம் ஹீட்டரை ஓடவிடு. வீட்டுக் கரண்டில் சூடாகட்டும், பேட்டரியில் வேண்டாம். குளிரில் டயர்க் காற்று குறையும், வாராவாரம் பார். சிக்னல் சிவப்பானால் பக்கத்தில் போய் பிரேக்கை மிதிக்காதே, தூரத்திலேயே காலை எடு. சார்ஜ் மூடி உறைந்துபோனால் வெந்நீரை ஊற்றித் தொலைக்காதே, வெந்நீர்ப் பையைக் கொஞ்ச நேரம் வைத்துப் பிடி. அப்புறம், அதைத் திட்டாதே. திட்டினால் ஓடாது என்றில்லை. திட்டிக்கொண்டே ஓட்டினால் உன் கால் அழுத்தும்.

நான் நன்றாக இருக்கிறேன். அறை சின்னது, வெளிச்சம் உண்டு. வீட்டில் எல்லாரும் நலம்தானே.

அண்ணி


டிசம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலம். அந்த 'எல்லாரும்' ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரை எடுத்துக்கொண்டு போனான்.

திங்கள் காலை திரையில் எண்பத்தொன்பது. எவ்வளவு தூரம் ஓடும் என்பதை இது, ஓட்டுகிறவரின் பழக்கத்தை வைத்துத்தான் கணிக்கிறது. இத்தனை நாளும் நீங்கள் ஓட்டிய நினைவில்தான் எனக்கு எண் காட்டியிருக்கிறது. ஒரே ஞாயிற்றில் அண்ணன் அதை மாற்றிவிட்டான். "தொட்டா பறக்குதுடி!" என்றான். "பறந்தது கார் இல்ல, கிலோமீட்டர்" என்றேன். வயரிங் வேலை பார்க்கிறவனுக்குக் கரண்டின் அருமை தெரிய வேண்டாமா?

அன்று மாலை, வீட்டுக்கு நான்கு தெரு இருக்கையில் ஆமை வந்தது. சார்ஜ் தீரப்போனால் திரையில் எரியுமே, அந்த மஞ்சள் ஆமை. அதற்கப்புறம் கார் நடந்துதான் வந்தது. ஒரு சைக்கிள்காரர் என்னைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் மிச்சம் பிடிக்க மெதுவாக ஓட்டினேன். பத்து நிமிடம் லேட். மூன்று முறை லேட்டானால் என் தற்காலிக வேலை தற்காலிகமாகவே முடியும்.

அம்மா சொன்னாள்: "அவ குடுத்த வண்டி அவள மாதிரியே பாதி வழில விட்டுடும்." நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆறு நாளாக அதே நினைப்பு.

பன்னிரண்டாம் தேதி கோர்ட்டுக்கு நான் வரமாட்டேன். வேலை. வேலை இல்லாவிட்டாலும், எந்தப் பக்கம் உட்காருவது?

வாண்டு


டிசம்பர் 14

வாண்டுக்கு,

கையெழுத்துப் போட்டாயிற்று. உன் அண்ணன் பேனா கொண்டுவரவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். வெளியே வந்ததும், "குளுருதுல்ல?" என்றார். "ஆமா" என்றேன். எட்டு வருஷம். அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் பதில் சொல்லாததற்காக வருந்தாதே. இதைத்தான் எழுத நினைத்தேன். இனி அந்த வீட்டில் என் பக்கம் பேச யாரும் வேண்டாம். காகிதப்படி நான் உனக்கு யாரும் இல்லை. நீ அங்கே சாப்பிட்டு, அங்கே தூங்குகிறவள். இரண்டு பக்கமும் இழுபட வேண்டாம்.

கார் உன்னுடையதுதான். கடிதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம். டயர்க் காற்று மட்டும் மறக்காதே.

முன்பு அண்ணி


டிசம்பர் 20

முன்பு அண்ணிக்கு,

அந்தக் காகிதத்தில் என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. நான் விவாகரத்து கொடுக்கவில்லை.

நிறுத்தச் சொன்னீர்கள். ஆறு நாள் நிறுத்திப் பார்த்தேன். கார் ஓட்டும்போது வாய் தானாக உங்களிடம் பேசுகிறது. கண்ணாடியில் மூச்சு இன்னும் அதிகமாகப் படிகிறது.

இன்று எண்பத்து நான்கு. காரணம் ஓட்டும் பழக்கம் இல்லை, குளிர். தொட்டியின் ஓரத்தில் பனிக்கட்டி கட்டியிருந்தது. குச்சியால் உடைத்து மாதிரி எடுத்தேன். எட்டு கிலோமீட்டர் குறைகிறது. நேற்றும் அதற்கு முன்தினமும் பக்கத்து ஊர்ச் சந்தையில் ஒரு கடைக்காரரைக் கெஞ்சி அரை மணி நேரம் சார்ஜ் போட்டேன். இனி வராதே என்றுவிட்டார். லேப்பில் கேட்டேன். "தண்ணி குடுக்குற எடம்மா இது, கரண்டு குடுக்குற எடம் இல்ல" என்றார் மேலாளர். நல்ல மனிதர்தான். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

இரண்டு லேட் ஆகிவிட்டது. மூன்றாவதற்கு முன் நானே விலகலாம் என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. வேலையை விட்டுவிடலாம், பரவாயில்லை. அந்த வேலைக்கான விண்ணப்பத்தை என்னோடு உட்கார்ந்து நிரப்பியவர் பதில் போடாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

முன்பும் இப்போதும்,
வாண்டு


டிசம்பர் 26

அடி வாண்டு,

அந்த விலகல் கடிதத்தைக் கிழித்துப்போடு. முதலில் அதைச் செய். பிறகு மேலே படி.

கிழித்தாயா?

தினமும் காலை ஆறு இருபத்தைந்துக்கு உன்னைப் பார்க்கிறேன். நீ வேலைக்குப் போகும் சாலையைப் பார்த்துத்தான் என் ஜன்னல். உன் வீட்டிலிருந்து முப்பதாவது கிலோமீட்டர். இந்த அறையை எடுக்கும்போது அது உன் வழி என்று தெரியாதா என்று கேட்காதே. உன் மஃப்ளரைப் பார்த்த பிறகுதான் பால் காய்ச்சுவேன். நீ லேட்டான இரண்டு நாளும் நானும் கடைக்கு லேட்.

முகவரி சொல்லாததற்குக் காரணம் நீ இல்லை. கதவைத் திறந்தால் உன் பின்னாலேயே அந்த வீடு முழுக்க உள்ளே வந்துவிடுமோ என்று பயம். உன் கடிதத்தில் வந்தது நீ மட்டும்தான்.

தபால் நிலையத்துக்கு எதிர்ச் சந்து, மூன்றாவது வீடு, கீழ்த்தளம். திரும்பி வரும்போது ஒரு மணி நேரம் பிளக்கில் போடு. வீடு போய்ச் சேர அது போதும். வாஷிங் மெஷின் பிளக் சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. நான் வர ஆறரை ஆகும். சாவி எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம். சும்மா கொடுக்க மாட்டார். நீ யார் என்று கேட்பார். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே எதையாவது சொல்லிக்கொள்.

ஒன்று மட்டும். வீட்டில் சொல்லிவிட்டு வா. ஒளித்து வந்தால் திருப்பி அனுப்புவேன்.

(கீழே எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று யோசித்து மையெல்லாம் காய்ந்துவிட்டது.)


டிசம்பர் 29, மாலை, உங்கள் சமையலறை

அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேஜையில், எல்லாரும் இருக்கும்போது. அன்றைக்குச் சொல்லாததையும் சேர்த்து: "அவங்க வண்டி என்னைப் பாதி வழில விட்டதே இல்லம்மா." அம்மா கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள். பிறகு, "லேட்டானா போன் பண்ணு" என்றாள். அவ்வளவுதான் அண்ணி. இதற்காகவா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

அண்ணன் எழுந்து வெளியே போனான். கோபம் என்று நினைத்தேன். ஒரு தடித்த ஒயர்ச் சுருளோடு வந்தான். "ஜன்னல் வழியா இழுக்கணும்னா சாதா ஒயர் சூடாகும். இது ஆகாது." முகவரியைச் சொல்ல வாயெடுத்தேன். "வேணாம், எனக்குச் சொல்லாத" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான், ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது.

இன்று சரியாக ஏழுக்கு மாதிரி எடுத்தேன். திரும்பும்போது சந்தில் திரும்பினேன். தையல்காரம்மா கதவைப் பாதிதான் திறந்தார். வாயில் ஊசி. "யாரு நீ?"

"அவங்க நாத்தனார்."

ஊசியை எடுத்துவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு நாளா எங்க இருந்த?" என்றார். சாவியைக் கொடுத்தார்.

மணி ஐந்தே முக்கால். பிளக்கில் போட்டுவிட்டேன், சார்ஜ் ஏறுகிறது. ஒயர் இருப்பதால் ஜன்னல் முழுக்கச் சாத்தவில்லை. கொடியில் கிடந்த பழைய துண்டைச் சுருட்டி இடுக்கில் அடைத்தேன். பால் இல்லை. முனைக் கடைக்குப் போய் வாங்கி வருகிறேன்.

வாண்டு