சிவப்புக்கோடு அவரை

அன்புத் தங்கைக்கு,

போன மாதம் விதை சேகரிக்கிறேன் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். அன்று கூடத்தில் இருந்தது அவர், உன் அத்தான், நான், மூன்றே பேர். டீ போட்டுத் திரும்பினால், வேறெங்கும் கிடைக்காத நம் அம்மாவின் சிவப்புக்கோடு அவரை விதை ஜாடி அவர் மடியில். "வேற யார்கிட்டயாவது இருக்காம்மா?" என்று சிரித்தார். "பாதி என் மச்சினிகிட்ட இருக்கே!" என்று அத்தான் பெருமையாக உன் முகவரியையும் கொடுத்துவிட்டார்.

நேற்று விதைக்க எடுத்தேன். ஜாடி நிறைய அவரைதான்; ஒன்றில்கூடச் சிவப்புக்கோடு இல்லை. "உனக்கு எல்லாருமே திருடன்தான். சாமி படத்தையும் எண்ணிப் பாரு" என்கிறார் அத்தான். எண்ணினேன், சரியாக இருக்கிறது.

இனி அந்த விதை உன்னிடம் மட்டும்தான். அவர் வந்தால் உள்ளே விடாதே. விட்டாலும் டீ போட எழுந்து போகாதே. கடவுள் காப்பாற்றட்டும்.

ஏற்கெனவே வந்துவிட்டாரா? உடனே பதில் போடு.

உன் அக்கா