ஆர்டர் எண் இல்லாத பில்கள்

பிரியமுள்ள என் சிவகாமி அக்காவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். பவானிபூர் வீட்டில் திதிக்கு ஏற்பாடு நடக்கிறது. அத்தான் நன்றாக இருக்கிறார், கொஞ்சம் மெலிந்துவிட்டார். கிடர்பூர் கடையைத் திறக்கும்போதெல்லாம் உன் குரல்தான் கேட்கிறது. "எவ்வளவு வித்தேன்னு கேக்கல தம்பி. எவ்வளவு கைக்கு வந்துச்சு?"

அந்தக் கேள்வி அப்போது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது, தெரியுமா? அப்பா விட்டுப்போன கயிறு, தார்ப்பாய் வியாபாரம். அலைந்து ஆர்டர் பிடிப்பது நான், கணக்கு எழுதுவது நீ. அந்த வருஷம் ஆர்டர் குவிந்தது. பில் புத்தகத்தைப் புரட்டினால் நாம் பணக்காரர்கள். வேன் வாங்கலாம் என்றேன். "பணம் இல்லடா" என்றாய்.

"வித்த பணமெல்லாம் அப்ப எங்க போச்சு?"

அம்மா முன்னால், அத்தான் முன்னால் அப்படிக் கேட்டேன். நீ எடுத்துக்கொண்டாய் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கேட்டது அதைத்தான். உனக்கும் புரிந்தது. கணக்கு நோட்டுகளையும் பெட்டிச் சாவியையும் மேஜைமேல் வைத்து, "இனிமே நீயே பாத்துக்க" என்று உள்ளே போய்விட்டாய். அன்று அழுதாயா, அக்கா?

மூன்று மாதம் நானே எல்லாம் பார்த்தேன். பில் எழுதினேன், வேனுக்கு முன்பணமும் கொடுத்தேன். துர்கா பூஜை நெருங்கியபோது ஆறு பேருக்குச் சம்பளமும் போனஸும் தர வேண்டியிருந்தது. பாங்கில் இருந்தது இரண்டு பேருக்குக்கூடப் போதாது. கார்டன் ரீச்சில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனி வைத்திருந்த பாக்கி மட்டும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். போன் செய்தால் "அடுத்த வாரம்" என்றார்கள்.

வேறு வழியில்லாமல் உன்னிடம் வந்து நின்றேன். "சட்டைய மாத்திட்டு வா, போலாம்" என்றாய்.

பஸ் ஏறி அந்தக் கம்பெனிக்குப் போனோம். அங்கே கணக்குப் பிரிவில் இருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே, "ஆஜ் ஹோபே நா, தீதி" என்றார். இன்றைக்கு ஆகாதாம்.

"ஆகாட்டி பரவாயில்ல. ஏன் ஆகலைன்னு மட்டும் சொல்லுங்க" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு நீ பெஞ்சில் உட்கார்ந்தாய். அவர் சாப்பிடப் போனார், வந்தார், டீ குடித்தார். நீ அசையவில்லை. சாயங்காலம் அவருக்கே பொறுக்காமல் அலமாரியிலிருந்து அவர்கள் ஆர்டர்களும் நம் பில்களுமாக ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் போட்டார். ஒரு பில்லில்கூட அவர்கள் கொடுத்த ஆர்டர் எண் இல்லை. எண் இல்லாத பில் அங்கே மேஜையை விட்டு நகராது. மூன்று மாதமும் எழுதியது நான்.

நீ பேனாவை எடுத்தாய். "ஆர்டரைப் பாத்து நீ நம்பரப் படி, நான் எழுதுறேன்." அவ்வளவுதான் சொன்னாய். வெளியே வந்து ஜால்முடி வாங்கி, பொட்டலத்தை முதலில் என்னிடம் நீட்டினாய். ஆற்றுக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பொரியின் கடுகெண்ணெய் வாசனை இப்போதும் எங்காவது வந்தால் நின்றுவிடுகிறேன்.

அடுத்த வாரம் செக் வந்தது. ஆறு பேருக்கும் பூஜைக்கு முன்பே கொடுத்துவிட்டோம். அம்மா கேட்டாள், பணம் எப்படி வந்தது என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "தம்பி போய்க் கறாராப் பேசினான்மா. குடுத்துட்டாங்க."

நான் மறுக்கவில்லை. அந்தக் கதை வீட்டில் வளர்ந்தது. உன் மகள் மீனாவின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம்கூட அத்தான் அதைப் பெருமையாகச் சொன்னார். நீ பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

நோட்டுகளை உன்னிடம் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒரு நாள்கூடவா எனக்கு நேரம் கிடைக்கவில்லை?

இப்போது மீனாதான் கணக்குப் பார்க்கிறாள். சின்னக் கடைக்காரர்கள் பணத்தைப் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள், பெரிய கம்பெனிகள் மாறவில்லை. யார் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று திங்கள்தோறும் படித்துக் காட்டுகிறாள், பாதி தமிழ், பாதி வங்காளம். போன வாரம் ஒரு பெயரில் நிறுத்திச் சொன்னாள்: "மாமா, அம்மாவால வாங்க முடியாத பணத்தையே நீங்க வாங்கிட்டு வந்தீங்களாமே. இவங்ககிட்டயும் ஒரு தடவ போய்ப் பேசுங்களேன்."

நான் எழுந்து கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். இலை போடுவதற்கு முன்னால், அத்தானுக்கும் மீனாவுக்கும் எதிரில், உன்னிடம் அன்று என்ன கேட்டேன் என்பதையும், அந்த பில்களை எழுதியது யார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். இது சத்தியம். அங்கே உன்னோடு இருக்கும் அம்மாவிடம் மட்டும் நீயே சொல்லிவிடு, அக்கா.

என்றும் உன் தம்பி,
சங்கரன்