கட்டுரையில் என் பேர் எதற்கு?

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். ஆனால் உன் மேல் இப்போது இருக்கிற எரிச்சலுக்குக் கடுதாசியைத் திட்டோடுதான் ஆரம்பித்திருக்க வேண்டும். போனில் பிடித்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார். பிழை இருந்தால் திருத்திக்கொள், நீதானே புரொபசர்.

விஷயத்துக்கு வருகிறேன். என் போனில் நீ போட்டுக் கொடுத்தாயே ஈமெயில், அதில் இங்கிலீஷில் ஏதோ வந்து விழுந்தது. மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். மனுஷன் கடையில் கூட்டம் நிற்கும்போதே சத்தமாகப் படித்துவிட்டார். ஏரித் தண்ணீரைப் பற்றி நீ எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மூன்று ஆசிரியர்களாம். முதலில் நீ, அடுத்து உன் துறைத் தலைவர், மூன்றாவது நான். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டு லாரி ஏறியவன்! அன்றிலிருந்து இருமல் மருந்து கேட்டாலும் டாக்டருக்கே மருந்தா என்கிறார். உன் அம்மா வேறு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, இனிமேலாவது வெளியே போகும்போது சட்டை பட்டனை ஒழுங்காகப் போடு என்று என்னை விரட்டுகிறாள்.

கட்டுரையை அச்சில் போடப்போகிற ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் கேட்டிருப்பது இதுதான். இந்த ஆராய்ச்சியில் நீங்கள் செய்த வேலை என்ன, இதிலுள்ள முடிவுகளுக்கு நீங்கள் பொறுப்பேற்கிறீர்களா, எழுதி அனுப்புங்கள் என்று. நியாயமான கேள்விதானே? தண்ணீர் எடுக்கப் போன அன்று உங்களை ஏற்றிக்கொண்டு நான் வேனை ஓட்டினேன். ஏரிக்கரையில் நிறுத்தினேன். சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கினேன். அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று நாளைக்கு யாராவது வாசலில் வந்து நின்றால், ஈரமாக இருந்தது என்றா சொல்வேன்?

உன்னிடம் கேட்டதற்கு என்ன சொன்னாய்? "ஆமான்னு ஒரு பட்டனை மட்டும் அழுத்துங்கப்பா, அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க." யாரும் பார்க்காததை எதற்கடா வேலை மெனக்கெட்டு என்னிடம் கேட்கிறார்கள்? இத்தனை படித்தவனுக்கு இந்தச் சின்ன விஷயம் எப்படித் தட்டுப்படாமல் போனது?

இதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நேற்று உன் மாணவி போன் செய்தாள். அவள்தான், இடுப்பளவு தண்ணீரில் நின்று பாட்டில் பாட்டிலாக நிரப்பிக்கொண்டு வந்தவள். என் குறட்டையில் மீனெல்லாம் ஓடுகிறது தாத்தா என்று என்னையே கிண்டல் செய்தவள். எனக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறாள். உன் பேர் எத்தனையாவது என்று கேட்டேன். முதலில் என் இருமல் எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "மூணு பேருக்கு மேல வேண்டாம்னு தலைவர் சொல்லிட்டாராம், தாத்தா. எனக்கு அடுத்த கட்டுரையில இடம் தர்றேன்னு சார் சொல்லியிருக்கார்."

இது என்ன பஸ்ஸா, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ள? அவள் பேரில் ஒரு கட்டுரையாவது வந்தால்தான் பட்டத்துக்கு ஆய்வேட்டையே கொடுக்க முடியுமாம். அதற்குக் கெடு இந்த வருஷத்தோடு சரியாம். இதையும் அவளாகச் சொல்லவில்லை, நான் தோண்டித் தோண்டி வாங்கினேன். அழவும் இல்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

உன் தலைவர் அந்த ஏரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்வாரா? உங்கள் துறையில் யார் எதை எழுதினாலும் அவர் பேரைச் சேர்ப்பது வழக்கம் என்கிறாய். அவருக்கு நான் எவ்வளவோ மேல், தூங்குவதற்கு முன் ஏரியை ஒரு தடவை பார்த்தேன்.

நீ என் பேரை ஏன் போட்டாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னைப் படிக்கவைத்தேனே, என் பேர் எங்கேயாவது அச்சில் வருமா என்று உன்னைச் சீண்டிக்கொண்டே இருப்பேன். நான் ஆயிரம் சீண்டுவேன். உன் அம்மாவைக் கல்யாணமான நாளிலிருந்து சீண்டுகிறேன், ஒன்றையாவது மனதில் வாங்கியிருக்கிறாளா? நீ போய் வாங்கிக்கொண்டாயே. ஆசையாகத்தான் செய்தாய். ஆனால் ஒருத்தி உட்கார்ந்திருந்த நாற்காலியை உருவி அப்பனுக்குப் போட்டிருக்கிறாய். அதில் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

கடைக்காரரை வைத்துப் பதில் எழுதிவிட்டேன். நான் வண்டி ஓட்டியவன். தண்ணீர் எடுத்து, சோதித்து, கணக்குப் போட்டவள் ஒரு பெண், அவள் பேர் இதில் இல்லை. அவ்வளவுதான். இன்னும் அனுப்பவில்லை. அது என்னிடமிருந்து போனால் நீ பொய் சொன்னவன். உன்னிடமிருந்து முதலில் போனால் தப்பைத் திருத்திக்கொண்டவன். தலைவர் முறைப்பார், உன் பதவி உயர்வு தள்ளிப்போகும், எல்லாம் தெரியும். தள்ளிப்போகட்டும். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள்கிறேன். பத்திரிகைக்கு எழுதுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு நீயே போன் செய். வேறு யாரையும் விட்டுச் சொல்லவைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். சரியாகச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அப்பா பேர் அச்சில் வராமல் போகிறதே என்று நினைக்காதே. இதுவரை நீ எழுதிய எல்லாவற்றிலும் உன் பேருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நான்தானடா நிற்கிறேன். அந்த எழுத்துக்கு ஒரு குறையும் வராமல் நல்லா இரு, மகனே.

இப்படிக்கு,
உன் அப்பா